காலி சீட்டுக்கு ஒரு வரிசை

ஜூன் 2, ஞாயிறு

பூங்கா கதவு திறக்கும் முன்னாலேயே போய் நின்றேன். பெரியவனில் ஒரே ஒரு சுற்று. ஒன்றே ஒன்று! வயிறு எரிகிறது.

பெரியவன் என்பது எங்கள் சங்கம் அந்த ரோலர் கோஸ்டருக்கு வைத்த பேர். பூங்காக்காரன் வைத்த பேர் வேறு. அதை வாயால் சொல்லக் கூச்சமாக இருக்கும். சங்கத்துக்குத் தலைகீழ் சங்கம் என்று பேர். போன் குழுவில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், வாயைத் திறப்பது பல் டாக்டர், பஸ் கண்டக்டர், நான். என்னை "பக்கெட் அண்ணன்" என்பார்கள். பிளாஸ்டிக் வாளி விற்பவனை வேறு என்னவென்று கூப்பிடுவார்கள்.

இன்று வரிசையில் நின்றுகொண்டு கணக்குப் பார்த்தேன். ஒரு பெஞ்சுக்கு இரண்டு பேர். மூன்று பேராக வரும் குடும்பம் இரண்டு பெஞ்சை அடைத்துக்கொள்கிறது, ஒரு சீட் காலி. ஐந்து பேராக வந்தாலும் அதே கதை. ஒவ்வொரு தடவையும் நாலு சீட்டாவது காற்றை ஏற்றிக்கொண்டு மேலே போகிறது. கீழே வெயிலில் நாங்கள் நிற்கிறோம். கடையில் ஒரு வாளி இன்று போகவில்லை என்றால் நாளைக்குப் போகும். ஓடிப்போன சீட்டை எவன் விற்பான்? இவ்வளவு பெரிய முதல் போட்டவனுக்கு இது உறைக்கவில்லையே!

இதில் இவள் வேறு. என் மனைவி எந்த ராட்டினத்திலும் ஏற மாட்டாள். ஆனால் வரிசை முழுக்க என்னோடு நிற்பாள். மேடைக்கு வந்ததும் என் கண்ணாடி, செருப்பு, சாவி, மணிபர்ஸ் எல்லாவற்றையும் வாங்கி மடியில் கட்டிக்கொள்கிற மாதிரி பைக்குள் போட்டு, வண்டிக்குள் ஒரு காலை வைத்து அந்தப் பக்கம் தாண்டிப் போய்விடுவாள். சங்கத்தில் இவர்களுக்கு "தாண்டி" என்று பேர். என் வீட்டுத் தாண்டியைப் பூங்கா முழுக்கத் தெரியும்.

"ஏம்மா, ஏறாதவளுக்கு வரிசை எதுக்கு? பெஞ்சுல உக்காந்து காப்பி குடிக்கலாம்ல?"

"பெஞ்சோட என்ன பேசறது?"

"என்னோட மட்டும் என்ன பேசற? நான்தான் வாயே திறக்கிறதில்லையே."

"நீங்க திறக்க வேணாம். நான் பேசுவேன். இங்க நீங்க எங்கயும் ஓட முடியாது."

ஒரு தடவை ஏறித்தான் பாரேன் என்றால், அடுத்தவன் வண்டியில் நான் ஏன் தலைகீழாகத் தொங்க வேண்டும் என்கிறாள். யாரும் ஓட்டவில்லை, அது தண்டவாளத்தில் தானாகப் போகிறது என்று சொன்னேன். "அது இன்னும் மோசம்" என்றாள்.

ஜூன் 4, செவ்வாய்

சங்கத்தில் இன்று பழைய சண்டை. முதல் பெஞ்சா, கடைசிப் பெஞ்சா? டாக்டர் முதல் பெஞ்சுக் கட்சி. காற்று நேராக முகத்தில் அடிக்குமாம், எதிரே ஒன்றுமே இருக்காதாம். கண்டக்டர், "காத்து வேணும்னா எங்க பஸ் படியில தொங்குங்க டாக்டர், டிக்கெட்கூட கேக்க மாட்டேன்" என்று போட்டார். நான் என்றைக்கும் கடைசிப் பெஞ்சு. உச்சியைத் தாண்டும்போது முன்வண்டி இழுக்கிற இழுப்பில் பின்னால் இருப்பவன் சீட்டை விட்டு எழும்புவான் பாருங்கள், அது முதல் பெஞ்சுக்காரனுக்கு ஏழு ஜென்மத்துக்கும் கிடைக்காது.

காலி சீட் விஷயத்தையும் போட்டேன். தனியாக வருகிறவர்களுக்கு ஒரு தனி வரிசை, எங்கே ஒரு சீட் காலியோ அங்கே ஒருத்தரைச் செருகு. அவ்வளவுதான். "ஒத்தையாள் வரிசை" என்று பேரும் வைத்துவிட்டேன். டாக்டர் மூன்று பல்லிளிப்புப் பொம்மை அனுப்பினார். சிரிக்கட்டும்.

புறவழிச் சாலையில் கடை ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது. லாரி நேராக வாசலுக்கு வரும். இந்த மாசமோ அடுத்த மாசமோ முடித்துவிட வேண்டும். அங்கே கல்லாவில் இவள் உட்கார்ந்தால் எனக்கு நிம்மதி. இங்கே என்னால் சமாளிக்க முடியும். இவளிடம் சொன்னேன். "அப்படியா" என்றாள். சரி என்று அர்த்தம்.

ஜூன் 9, ஞாயிறு

சங்கத்தோடு புதுப் பூங்காவுக்குப் போனோம். போயிருக்கவே வேண்டாம்.

வாசலில் ஒரு பெரிய வளைவு, அதற்கு முன்னால் போட்டோ எடுக்க ஒரு கூட்டம். உள்ளே இறக்கை வரைந்த சுவர், இதயம் வரைந்த சுவர், ஊஞ்சல் மாதிரி ஒன்று — அதுவும் போட்டோவுக்குத்தான், ஆடாது. ஆடாத ஊஞ்சல்! ரோலர் கோஸ்டர் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், கம்பளிப்புழு முகம் போட்டு. ஏறி உட்கார்ந்தேன், என் முழங்கால் என் தாடையில் இடித்தது. இறக்கம் என்று ஒன்று வந்ததே எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த குழந்தை கொட்டாவி விட்டது. கண்டக்டர் இறங்கி வந்து, "எங்க டிப்போ வாசல் ஸ்பீடு பிரேக்கர் இதைவிட மேல் அண்ணே" என்றார். பெயின்ட் மட்டும் முதல் தரம். பெயின்டில் ஏறிச் சுற்றவா முடியும்?

ஒன்றுக்குமே வரிசை இல்லை. போனதும் ஏறலாம், வந்ததும் இறங்கலாம். அதுதான் சொல்கிறதே அந்தப் பூங்காவின் லட்சணத்தை.

திரும்பும்போது இவள், "இந்த பார்க் சரியில்ல" என்றாள். கல்யாணமான நாளாக ஒரு விஷயத்திலாவது ஒத்துப்போனோமே என்று எனக்குச் சந்தோஷம்.

ஜூன் 13, வியாழன்

தெய்வமே கொண்டுவந்து விட்டது என்று சொல்லலாம். நம் பூங்காவின் மேனேஜர் கடைக்கு வந்தார், குப்பைத் தொட்டி வாங்க. இடுப்பில் வாக்கி-டாக்கி, கடைக்குள்ளும் அது கரகரவென்று பேசிக்கொண்டே இருந்தது. மிதித்தால் மூடி திறக்கிற தொட்டி, பெரிய ஆர்டர். விலையில் குறைக்கச் சொன்னார்.

"குறைக்கிறேன். வண்டி வாடகையும் நான் போடறேன். ஒரு விஷயம் மட்டும் நீங்க பண்ணணும்" என்றேன்.

மனுஷன் பயந்துவிட்டார், லஞ்சம் கிஞ்சம் என்று நினைத்திருப்பார். ஒத்தையாள் வரிசையைச் சொன்னேன். என் ஸ்டாக் தேங்கினால் நாளைக்காவது விற்கும் சார், உங்கள் சீட் அன்றைக்கே கெட்டுப்போகிற சரக்கு என்று விளக்கினேன். யோசித்தார். தடுப்புக் கம்பம், சங்கிலி வாங்க மேலிடத்தில் கேட்க வேண்டுமாம்.

"கம்பமும் சங்கிலியும் நம்ம சரக்குதான் சார். நான் தர்றேன். ஒரு மாசம் ஓட்டிப் பாருங்க. சரியா வரலைன்னா கழட்டி என் தலையில போடுங்க."

கைகுலுக்கிவிட்டுப் போனார். இவள் கல்லாவில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "சும்மா கிடக்கிற சங்கிலியை எடுத்துக் காலைச் சுத்திக்கிறீங்க" என்றாள். வியாபாரம் இவளுக்கு என்ன தெரியும் என்று சொல்ல வாயெடுத்தேன். கல்லாவே அவள் கையில் இருக்கிறது, சொல்லவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

பெரியவன் நின்றுவிட்டான். நானும் இவளும் வரிசையின் கடைசி வளைவில், இன்னும் கொஞ்சம் போனால் மேடைப் படி. மைக்கில் ஒரு குரல்: "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக..." எப்போது சரியாகும் என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். அரை மணியும் ஆகலாம், மறுநாளும் ஆகலாம். கூட்டம் உச்சுக்கொட்டிக்கொண்டு கலைந்துவிட்டது. நான் ஆபரேட்டரிடம் போய்க் கத்தினேன். ஒரு சென்சார் கம்பி லூசானால் ஒரு மத்தியானம் போகிறதே, உதிரி வாங்கி வைக்க மாட்டீர்களா? நான் வாளிக் கைப்பிடிக்கே உதிரி வைத்திருக்கிறேன்! அவன் பாவம், "அண்ணே, நான் பட்டன் அமுக்கறவன்" என்றான்.

நான் கத்தும்போது இவள் பக்கத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள். ஏதோ வேன், ஏதோ ஸ்கூல், காலையில மட்டும், அந்த அம்மா கேட்டாங்க என்று. யார் வீட்டுப் பிள்ளை சமாசாரமோ. "இருக்கிற எரிச்சலில் கதை சொல்லாதே" என்றேன். நிறுத்திக்கொண்டாள்.

ஜூன் 24, திங்கள்

சங்கிலி, கம்பம் எல்லாம் பூங்காவுக்குப் போய்ச் சேர்ந்தது. மஞ்சளும் கறுப்புமாக நல்ல கனம். மட்டமான சரக்கை அனுப்பி என் பேரை நானே கெடுத்துக்கொள்வேனா?

ஜூன் 30, ஞாயிறு

ஏழு சுற்று!

ஏழு. எல்லாம் பெரியவனில். போனேன், ஏறினேன், இறங்கினேன், சுற்றி வந்து மறுபடி ஏறினேன். பக்கத்தில் வரிசை மலைப்பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு கிடக்கிறது, நான் ஒத்தையாள் வரிசையில் ராஜா மாதிரி ஓரமாக நடந்து போகிறேன். அதில் மூன்று தடவை கடைசிப் பெஞ்சு. மேனேஜர் வந்து கைகொடுத்தார். டாக்டரும் கண்டக்டரும் அவரவர் பங்குக்குச் சுற்றிவிட்டு, எனக்குக் "காலி சீட்டு மன்னன்" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். இவ்வளவு நாள் சிரித்த டாக்டர் இன்று எனக்கு எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தார்.

இவளை மட்டும் உள்ளே விடவில்லை. சங்கிலிக்கிட்ட நின்ற பெண், "அக்கா, ஏறாதவங்க இந்த வரிசையில வரக் கூடாது" என்றாள்.

"நான் தாண்டிப் போறவம்மா. இவர் கண்ணாடியை வாங்கிக்கிட்டுப் போயிடுவேன்."

"இதுல தாண்டறதெல்லாம் கிடையாதுக்கா. லாக்கர் இருக்கு, அதுல வெச்சிடலாம்."

இவள் சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "நம்ம கடை சரக்குதானே" என்றாள். பிறகு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். நல்லதுதானே, கால் வலி மிச்சம்.

காரில் வரும்போது ஒன்றும் பேசவில்லை. பேசவும் வழியில்லை, வழி முழுக்க எனக்குப் போன்.

ஜூலை 7, ஞாயிறு

இவள் வரவில்லை. துணி ஊறப்போட்டிருக்கிறாளாம். ஞாயிற்றுக்கிழமை பார்த்துத்தான் ஊறுமா துணி?

லாக்கர் ஒரு தொல்லை. கண்ணாடியைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டால் எது என் லாக்கர் என்று தெரிய மாட்டேன் என்கிறது. இரண்டு தடவை அடுத்தவன் பூட்டை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசி இறக்கம் இன்று தனி ரகம். வெயிலில் எண்ணெய் இளகி வண்டி பறந்தது. இறங்கியதும் பக்கத்து சீட் பையனிடம், "பாத்தியா, இடுப்பு எப்படி எழும்புச்சு!" என்றேன். அவன் காதில் இருந்து ஒரு குமிழை எடுத்துவிட்டு, "என்ன சார்?" என்றான். ஒன்றுமில்லை என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஒன்பது சுற்று. கழுத்து வலி. இவள் இன்றும் வரவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

கோபம் இன்னும் ஆறவில்லை. எழுதினால் அடங்குமா பார்க்கிறேன்.

காலையில் கடைக்கு ஒரு அம்மாள் வந்தாள். மழலையர் பள்ளிக்கூடம் நடத்துகிறவள், குழந்தைகளுக்குச் சின்ன மக் வாங்க. இவள் பாங்குக்குப் போயிருந்தாள். நான்தான் எடுத்துக் காட்டினேன். கலர் கலராகப் பொறுக்கிக்கொண்டே அந்த அம்மாள், "உங்க வீட்டுக்காரங்க அடுத்த மாசம் எங்க வேன் ஓட்ட வர்றதுல எங்களுக்கு ரொம்ப சந்தோஷம் சார். ரிவர்ஸ் எடுக்கிற அழகு இருக்கே, எங்க பழைய டிரைவர் வாயைப் பொளந்துட்டார்" என்கிறாள்.

கையில் ஒரு ஊதா மக். அப்படியே நிற்கிறேன். முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்க எனக்கு இத்தனை வருஷ வியாபாரம் கற்றுக் கொடுத்திருக்கிறது. "ஆமாமா, அவளுக்கு வண்டின்னா உசுரு" என்றேன். மக்கையும் விற்றேன்.

கடை ஷட்டரை இறக்கியதும் கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். ஊரெல்லாம் தெரிஞ்சிருக்கு, எனக்குத் தெரியாது! கட்டினவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?

"சொன்னேன்" என்றாள்.

"எப்ப சொன்ன?"

"வேன் ஓட்டக் கத்துக்கப் போறேன்னு சொன்னேன், ரெண்டாவது வளைவுல. மழை தூறிச்சே அன்னிக்கு. 'ம்ம்'னீங்க. லைசென்ஸ் வந்ததைச் சொன்னேன், அந்த ஃபேன் ஓடாத இடத்துல. 'நல்லது'ன்னீங்க. ஸ்கூல்ல கூப்பிட்டதைச் சொன்னேன், கதை சொல்லாதேன்னீங்க."

"எப்ப போய்க் கத்துக்கிட்ட?"

"காலையில வாக்கிங் போறேனே."

"அதானே பாத்தேன், இத்தனை மாசம் வாக்கிங் போறவ ஒரு சுத்துகூட இளைக்கலையேன்னு!"

"அதையாவது கவனிச்சீங்களே, பரவாயில்ல."

சிரிப்பு வருகிற நேரமா இது? கடையில் சொல்லக் கூடாதா என்றேன். கடையில நீங்க முதலாளி, எதிர்ல நாலு பேர் என்றாள். காரில்? கார்ல லாரி டிரைவருங்க எல்லாரும் போன்ல இருக்காங்க. வீட்டில்? வீட்ல தம்பி குடும்பம், டீவி, உங்க குறட்டை. அந்த வரிசை ஷெட்டுக்குள்ளதான் உங்க போனுக்கு டவர் கிடைக்காது, அதான் ஏறாத வண்டிக்கு வாராவாரம் வந்து நின்னேன் என்றாள்.

"முக்கியமானதை இன்னும் சொல்லவே இல்ல. அதுக்குள்ள சங்கிலி கட்டிட்டீங்க."

"என்ன அது? இப்ப சொல்லு."

"கத்தறப்ப சொல்ற விஷயமில்ல அது."

போய்ப் படுத்துவிட்டாள்.

ஜூலை 17, புதன்

இது என் தப்பா? சொல்லும்போது கேட்கிறானா என்று பார்த்துச் சொல்ல வேண்டாமா? நான் ஒரு வியாபாரிக்கு ஆர்டர் சொன்னால், அவன் திருப்பிச் சொல்லும்வரை விடுவேனா?

மழை தூறிய அந்த ஞாயிறு எனக்கு நன்றாகத்தான் ஞாபகம் இருக்கிறது. ஈரத்தில் வண்டி மெதுவாக வந்தது, ஒரு வண்டிக்கும் அடுத்த வண்டிக்கும் நடுவில் எவ்வளவு நேரம் என்று கையில் வாட்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தத் தாமதம் எவ்வளவு என்று இப்போது கேட்டாலும் சொல்வேன். இவள் பேசினாளா? பேசியிருப்பாள். எப்போதும் பேசிக்கொண்டுதானே இருப்பாள்.

புறவழிச் சாலைக்காரர் போன் செய்தார். மாசக் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். சொல்கிறேன் என்றேன். என்னத்தைச் சொல்ல? வேன் ஓட்டப் போகிறவளைக் கல்லாவில் எப்படி உட்கார வைப்பது? அந்த முக்கியமான விஷயம்தான் என்ன? என்னை விட்டுப் போகிறாளா? சே, எழுதவே கூடாது. உடம்புக்கு ஏதாவதா? அதுவாக இருக்காது, நன்றாகச் சாப்பிடுகிறாள்.

ஜூலை 18, வியாழன்

கடையில் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துக் கல்லா பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டேன். "இப்ப சொல்லு" என்றேன். வாயைத் திறந்தாள். ஒருத்தன் வந்து ட்ரம்முக்கு மூடி மட்டும் கிடைக்குமா என்றான். மூடி மட்டும்! போனதும் மறுபடி கேட்டேன். போன் அடித்தது.

ராத்திரி வீட்டில் டீவியை அணைத்தேன். தம்பி, தம்பி மனைவி, பிள்ளைகள் எல்லோரும் என்ன ஆச்சு என்று என்னையே பார்க்கிறார்கள். ஒன்றுமில்லை, கண் வலிக்குது என்று மறுபடி போட்டேன். அப்புறம் எங்கள் அறையில் கதவைச் சாத்தி, கட்டிலுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, "ம், சொல்லு. கேக்கறேன்" என்றேன்.

இவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"இப்படி எதிர்ல உக்காந்து முறைச்சா எப்படிங்க சொல்றது? போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்கு. வரிசையில நீங்களும் முன்னால பாத்துக்கிட்டு நிப்பீங்க, நானும் முன்னால பாத்துக்கிட்டு நிப்பேன். பேச்சு தானா வரும்."

பொறுமை என்று ஒன்று எனக்குக் கிடையாது, அது ஊருக்கே தெரியும். அதையும் அடக்கிக்கொண்டு இவளுக்குத் தோதாக நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். நாலு அடியில் சுவர். இரண்டு பேரும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். "வரல" என்றாள்.

ஜூலை 20, சனி

கண்டக்டர் வாளி வாங்க வந்தார். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது, அரைகுறையாகச் சொன்னேன். அந்த வரிசையை நானே ஒழிச்சுட்டேனே என்றேன்.

"என்னண்ணே பேசறீங்க? வரிசை அங்கயேதான் இருக்கு. போன வாரம்கூட வாசல்வரைக்கும் நின்னுச்சு. நீங்கதான் அதுல இல்ல" என்றார்.

அவ்வளவுதான். மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

கை வாட்சைக் கழற்றி மேஜை டிராயரில் வைத்தேன். "கிளம்பு" என்றேன். எங்கே என்று இவள் கேட்கவில்லை.

பெரிய வரிசையின் வால் வாசலுக்கு வெளியே வெயிலில் கிடந்தது. போய் வாலில் நின்றோம். பக்கத்தில் என் கடை மஞ்சள் சங்கிலி, அதற்கு அந்தப் பக்கம் ஒத்தையாள் வரிசையில் ஈ ஆடவில்லை. டாக்டர் அதில் கைவீசி நடந்து வந்தார்.

"மன்னா! என்ன ஆச்சு, நாட்டைப் பறிச்சுட்டாங்களா?"

"போய்யா, போ. உனக்குன்னு ஒரு சீட் காலியாப் போவுது."

தலைக்கு மேலே வண்டி போகும்போதெல்லாம் அண்ணாந்து பார்க்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு தடவை பார்த்துவிட்டேன். இரண்டு காலி.

முதல் வளைவுவரை இவள் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை, நாக்கைக் கடித்துக்கொண்டு முன்னால் நின்ற ஆளின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபேன் ஓடாத இடம் வந்ததும் ஆரம்பித்தாள். (இன்னும் ஓடவில்லை அந்த ஃபேன்!)

"எனக்கு இனி கல்லா வேணாங்க. புதுக் கடையிலயும் வேணாம், இருக்கிற கடையிலயும் வேணாம்."

வரிசை ஒரு அடி நகர்ந்தது, நானும் நகர்ந்தேன்.

"அந்த ஸ்டூல்ல உக்காந்தா எதிர்ல வாளி, தலைக்கு மேல வாளி. ரோட்டுல யார் போறாங்க வர்றாங்கன்னுகூட தெரியாது. கல்யாணமான புதுசுல டெம்போவை நான்தான் ரிவர்ஸ் எடுப்பேன், நீங்க பின்னால நின்னு கை காட்டுவீங்க, ஞாபகம் இருக்கா? டிரைவர் போட்டதும் என்னைத் தூக்கிக் கல்லாவுல வெச்சீங்க. நல்லதுக்குத்தான் வெச்சீங்க. அன்னிலேருந்து அங்கயே இருக்கேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"இப்ப சொல்றேன்ல."

"புதுக் கடையைச் சொன்னப்ப 'அப்படியா'ன்னியே. சரின்னு நினைச்சேன்."

"நீங்க சொன்னீங்க. கேக்கலையே."

பதில் என் வாயில் இருந்தது. இரண்டு, மூன்று பதில் இருந்தது. வியாபாரத்தில் எதிராளி முழுக்கப் பேசி முடிக்கிறவரை பதில் சொல்லக் கூடாது, அது எனக்குத் தெரியும். வீட்டுக்கு ஏன் அதைக் கொண்டு போகவில்லை என்று கேட்டால் — கேட்டால் என்ன, விடு.

கடைசி வளைவுக்கு வந்தோம். அங்கே வைத்து மைக் பேசியது. தொழில்நுட்பக் கோளாறு காரணமாக...

கூட்டம் உச்சுக்கொட்டியது. ஒவ்வொருத்தராகத் திரும்பினார்கள். எங்களை இடித்துக்கொண்டு போனார்கள். முன்னால் காலி, பின்னால் காலி. இவள் அந்தப் பள்ளிக்கூட வேனைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கியர் கொஞ்சம் இறுக்கமாம், முன் சீட்டில் உட்கார இப்போதே இரண்டு வாண்டுகள் சண்டை போடுகிறார்களாம்.

பட்டன் அமுக்குகிற பையன் படியிறங்கி வந்தான். நான் போன தடவை கத்தினது ஞாபகம் இருக்கும்போல, தள்ளியே நின்றான்.

"அண்ணே, இன்னைக்கு ஓடாதுண்ணே."

"தெரியும்ப்பா. நீ போ."

"இல்ல... எல்லாரும் போயிட்டாங்க."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். அவங்க பேசி முடிக்கட்டும்."

இவள் அவனைப் பார்த்து, "உங்களுக்கு வேலை இருந்தா பாருங்க தம்பி, நாங்க ஒண்ணும் தொட மாட்டோம்" என்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமல் விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தாள்.

ஜூலை 29, திங்கள்

புறவழிச் சாலைக் கடையை வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. எரிச்சலாகத்தான் இருக்கிறது. அந்த மாதிரி முகப்பு இனி கிடைக்காது. "ஏன் சார், என்ன ஆச்சு?" என்று அவர் குடைந்தார். ஆள் இல்லை என்றேன். "உங்க வீட்டம்மா இருக்காங்களே?" என்றார். அவங்களுக்கு வேற வேலை இருக்கு என்றேன்.

கடை வாசலில் "கல்லாவுக்கு ஆள் தேவை" என்று அட்டை தொங்குகிறது. இதுவரை வந்து விசாரித்தவர்களில் ஒருத்தருக்கும் கழித்தல் தெரியவில்லை.

சங்கத்தில் இன்று ஒரே கேலி. மன்னன் தாண்டியாகிவிட்டான் என்று டாக்டர் எழுதியிருக்கிறார். நான் பதில் போடவில்லை. மேனேஜருக்கு மட்டும் போன் செய்து, இரண்டாவது வளைவுக்கு அடுத்த ஃபேனைப் பார்க்கச் சொன்னேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

ஆள் கிடைக்கும்வரை கல்லாவில் நான்தான்.

காலையில் ஷட்டரைத் தூக்கும்போது மஞ்சள் வேன் ஒன்று கடையைத் தாண்டிப் போனது. நிற்கவில்லை. ஒரு ஹாரன், அவ்வளவுதான். ஜன்னலில் ஏழெட்டுத் தலை. நான் என்னையறியாமல் கையை நீட்டி, பின்னால் வா, பின்னால் வா என்கிற மாதிரி ஆட்டியிருக்கிறேன். பக்கத்துக் கடைக்காரர் சிரிக்கிறார்.

கல்லாவில் போய் உட்கார்ந்தேன். எதிரே வாளி, தலைக்கு மேலே வாளி. ரோடு தெரியவில்லைதான்.

ஸ்டூல் வேறு ஆடுகிறது. ஒரு கால் கட்டை. நம் கடை ஸ்டூல்! பின்னால் ஒரு அடுக்கு நிறைய நல்லதாகக் கிடக்கிறது, எத்தனை வருஷமாக இதில் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தாளோ, ஒரு வார்த்தை சொன்னாளா என்னிடம்?

சொல்லியிருப்பாள். எந்த வளைவில் என்று சாயங்காலம் வந்ததும் கேட்க வேண்டும்.